சம்மர்ஜாம்: ஏரிக்கரையில் மூன்று நாள் ரெகே கேட்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு வடக்கே ஃப்யூலிங்கர் ஏரி இருக்கிறது. ஜல்லி தோண்டியெடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏழு ஏரிகள் அங்கே ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. பக்கத்திலேயே படகுப் போட்டிக்காக வெட்டிய நேரான நீர்ப்பாதை. இந்தக் கரையில்தான் ஜூலை முதல் வார இறுதியில், ஜமைக்காவில் பிறந்த ரெகே இசைக்கான விழாவாகிய சம்மர்ஜாம் நடப்பது வழக்கம். 1986-ல் ரைன் நதிக்கு மேலே லோரலைப் பாறையில் உள்ள திறந்தவெளி அரங்கில் தொடங்கிய விழா இது. 1996 முதல் இந்த ஏரிதான் அதன் வீடு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடுகிறார்கள். பெரும்பாலோர் கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்கிவிடுவார்கள்.

நான் ஆறு முறை போயிருக்கிறேன். இந்த ஆறு முறையில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ரெகேயைப் பாதி காதால் கேட்கிறோம், மீதியை உடம்பால் கேட்கிறோம். தூக்கம் கெட்டு, கால் வலித்து, தாகத்தில் தலை சுற்றும்போது எவ்வளவு பெரிய பாடகர் மேடைக்கு வந்தாலும் அந்த மீதிப் பாதி உள்ளே இறங்காது. அதனால் இந்த வழிகாட்டியில் யார் எப்போது பாடுகிறார் என்பதைவிடத் தூக்கம், தண்ணீர், சோறு, செருப்பு பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் சீட்டு

மூன்று நாள் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். விழா நெருங்க நெருங்க விலை ஏறும். சீட்டில் கூடாரம் போடும் உரிமை அடக்கமா, கார் நிறுத்தவும் வேன் கொண்டுவரவும் தனிப்பணம் கட்ட வேண்டுமா என்பதை விழாவின் சொந்தத் தளத்தில் அந்த ஆண்டுக்கான விவரத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலத்தில் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பது கஷ்டம், தள்ளிப்போட வேண்டாம்.

போவதற்கு முன்பு காதைப் பழக்குங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான வேலை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். ராக்கிலும் பாப்பிலும் பெரிய டிரம் ‘ஒன்று’ மேல் விழும். ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் அந்த ‘ஒன்று’ காலியாக இருக்கும். பெரிய டிரம்மும் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மும் சேர்ந்து ‘மூன்று’ மேல்தான் விழும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் ‘சக்... சக்...’ என்று வெட்டிக்கொண்டே போகும். இதற்கெல்லாம் அடியில் பாஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குச் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, இப்படிக் காலியாகக் கிடப்பது முதலில் வித்தியாசமாக இருக்கும். இரண்டு நாள் கேட்டால் போதும், அந்தக் காலியிடம்தான் உடம்பை முன்னால் இழுக்கிறது என்று புரிந்துவிடும். பாப் மார்லியின் டிரம் வாசிப்பாளர் கார்ல்டன் பாரட் வாசித்ததைக் கேளுங்கள், இந்தத் தாளத்துக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் மேடையில் நடப்பது நன்றாகப் புரியும். 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வானொலியில் தங்கள் இசை கிடைக்காத ஏழை மக்களுக்காகத் தெருவில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போட்டார்கள். அதுதான் சவுண்ட் சிஸ்டம். காக்ஸன் டாட், டியூக் ரீட் போன்றவர்கள் அப்படித் தொடங்கிப் பிறகு சொந்தமாகப் பாட்டுப் பதிவு செய்தார்கள். வேகமான ஸ்கா முதலில் வந்தது. அது நிதானப்பட்டு ராக்ஸ்டெடி ஆனது. 1968 வாக்கில் அது இன்னும் கனத்து ரெகே ஆனது. பதிவான பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, டிரம்மையும் பாஸையும் மட்டும் எதிரொலியோடு மிதக்கவிடும் வித்தையைக் கிங் டப்பி வளர்த்தெடுத்தார், அது டப். 2018-ல் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

‘ரிதிம்’ என்ற சொல் விழாவில் அடிக்கடி காதில் விழும். ஒரு பாட்டின் டிரம்மும் பாஸும் சேர்ந்த அடித்தளம்தான் அது. ஒரே ரிதிமின் மேல் பத்துப் பேர் பத்து வேறு பாட்டுப் பாடுவார்கள். யாரும் அதைத் திருட்டாக நினைப்பதில்லை. ஒரே மெட்டுக்குப் பல பேர் வரி எழுதுவது நமக்கும் புதிதல்ல, காவடிச்சிந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் தயாரிப்பாளர் கிங் ஜாமி, ஒரு சின்னக் காசியோ கீபோர்டுக்குள் ஏற்கெனவே இருந்த தாளத்தை வைத்து ஒரு ரிதிம் வெளியிட்டார். ரெகேயிலிருந்து கிளைத்த ஆட்ட இசையான டான்ஸ்ஹால் கணினிப் பக்கம் திரும்பியது அதிலிருந்துதான்.

பாடப்போகிறவர்கள் பட்டியலில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். அவ்வளவு போதும். ஜெர்மானியப் பாடகர்களைத் தள்ளிவிடாதீர்கள். கொலோனில் வளர்ந்த ஜென்டில்மேன் ஜமைக்காவின் பட்வா மொழியிலேயே பாடுகிறவர். அவர் பாடும்போது இந்த ஏரிக்கரைக் கூட்டம் காட்டும் அன்பு, வீட்டுப் பிள்ளைக்குக் காட்டும் அன்பு.

மூட்டையில் என்ன போக வேண்டும்

ஜூலை முதல் வாரத்தில் கொலோனில் விடியற்காலை ஐந்தரைக்குள் சூரியன் வந்துவிடும். இரவு பத்து மணிக்குச் சற்று முன்தான் மறையும். பகலில் முப்பது டிகிரி அடிக்கும், அதே இரவில் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். நடுவில் ஒரு மணி நேரம் இடியோடு மழை கொட்டும். மூன்றுக்கும் தயாராக வேண்டும்.

கூடாரம் இரட்டை அடுக்காக இருக்கட்டும். ஒற்றை அடுக்கு மலிவுக் கூடாரத்தில் நம் மூச்சுக்காற்றே உள்ளே ஈரமாகப் படிந்து சொட்டும். ஸ்லீப்பிங் பேக்கை விடவும் அடியில் விரிக்கும் பாய் முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. கண்ணுக்குக் கட்ட ஒரு துணி வேண்டும், இல்லாவிட்டால் காலை ஐந்தரைக்கே விழித்துவிடுவீர்கள். தொப்பி, சன்ஸ்கிரீன், நீளமான ரெயின்கோட், கம்பளி ஸ்வெட்டர், நெற்றியில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், டாய்லெட் பேப்பர், ஒரு கயிறு, பத்துக் குப்பைப் பைகள். குடையை மேடைப் பகுதிக்குள் விடமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலும் வேண்டாம்.

காலுக்கு ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. புது ஷூவோடு வந்து சனிக்கிழமை மதியமே கொப்புளத்தோடு கூடாரத்தில் படுத்துக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிக்கப் போகும்போது மாட்ட ஒரு ரப்பர் செருப்பு.

போய்ச் சேர்வது

கொலோன் முதன்மை ரயில் நிலையத்தில் எஸ் 11 ரயிலைப் பிடித்துக் கோர்வைலர் நிலையத்தில் இறங்குங்கள், சுமார் இருபது நிமிடம். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் இதற்குத் தனிச் சீட்டு தேவையில்லை. நகருக்குள்ளிருந்து டிராம் 15-ம் கோர்வைலருக்குப் போகிறது. அங்கிருந்து கூட்டம் போகும் பக்கமே போனால் ஏரி வந்துவிடும். மூட்டை கனமாக இருந்தால் பேருந்துக்கு நில்லுங்கள், நடக்க வேண்டாம். வந்தவுடனேயே முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கூடாரம் போடும் இடம்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் ஆண்டு வெள்ளிக்கிழமை மாலை தாமதமாக வந்தேன். கரையோரம் ஒரு புல்வெளி யாரும் தொடாமல் பச்சையாக, மெத்தென்று கிடந்தது. மகிழ்ச்சியோடு அங்கே போட்டேன். இரவு இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கை வைத்துப் பார்த்தபோது அடிவிரிப்புக்குக் கீழே தண்ணீர் நெளிந்தது, தண்ணீர்ப் படுக்கை மாதிரி. சுற்றியிருந்த சரிவு முழுக்க என் இடத்தை நோக்கித்தான் வடிந்திருக்கிறது. புல் அவ்வளவு பச்சையாக இருந்ததற்குக் காரணமே அதுதான். அடுத்த கூடாரத்திலிருந்த ஒரு வயதான அம்மா டார்ச்சோடு வந்து, எதுவும் கேட்காமல் என் பையைத் தூக்கித் தன் கூடார முகப்பின் கீழே வைத்தார். காலையில் எனக்கும் சேர்த்துக் காபி போட்டார். அவர் இருபது வருடமாக வருகிறவர் என்று பிறகு தெரிந்தது.

அவர் அன்று சொல்லிக்கொடுத்தபடியே இப்போதும் செய்கிறேன். முடிந்தால் கூடாரப் பகுதி திறந்தவுடனே போய்விடுவது நல்லது. முதலில் வெறுந்தரையில் படுத்துப் பாருங்கள், தலை எந்தப் பக்கம் உயர்கிறது என்று உடம்பே சொல்லும். சற்று மேடான இடமாக, காலைச் சூரியனை மறைக்க ஒரு மரம் கிழக்கே இருக்கிற மாதிரி தேர்ந்தெடுங்கள். கழிப்பறைக்கு இரண்டு நிமிட நடை இருக்கட்டும், பக்கத்திலேயே வேண்டாம். நடைபாதை ஓரம் போட்டால் இரவெல்லாம் யாராவது உங்கள் கயிற்றில் தடுக்கி விழுவார்கள். முளைகளைச் சாய்வாக, கூடாரத்துக்கு எதிர்ப்புறம் தலை சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். கயிறுகளில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஆயிரக்கணக்கான கூடாரங்கள் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் உச்சியில் அடையாளத்துக்கு ஏதாவது வேண்டும். என்னுடையதில் பழைய சுங்குடித் துண்டு ஒன்று பறக்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

பிறகு பக்கத்துக் கூடாரத்தாரிடம் போய்ப் பேர் சொல்லிப் பேசுங்கள். மூன்று நாளைக்கு அவர்கள்தான் உங்கள் அண்டை வீட்டார். பொருளைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். பாஸ்போர்ட்டும் பணமும் மட்டும் எப்போதும் உங்கள் உடம்போடு.

மேடை முன்னால் எங்கே நிற்பது

பெரிய மேடைகள் இரண்டு, சிவப்பு மேடையும் பச்சை மேடையும். அட்டவணையைப் பார்த்ததும் இங்கே அரை மணி, அங்கே அரை மணி என்று ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். ரெகே இசைக்குழு முதல் இரண்டு மூன்று பாட்டில் கூட்டத்தைப் பதப்படுத்திக்கொண்டிருக்கும். நாற்பதாவது நிமிடத்தில்தான் பாட்டு நீண்டு, பாடகர் ஒதுங்கி, டிரம்மும் பாஸும் மட்டும் நிற்கும். அந்த இடத்தைக் கேட்கத்தான் வந்திருக்கிறோம். ஒரு நாளைக்கு மூன்று நிகழ்ச்சி, முழுசாக. மற்ற நேரம் புல்லில் படுத்துக் கேட்கலாம்.

பாஸ் மிக நன்றாகக் கேட்பது மேடை ஓரத்தில் அல்ல. கூட்டத்தின் நடுவே ஒலிப்பொறியாளர் உட்கார்ந்திருக்கும் மேசை இருக்கும். அவர் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அந்த மேசைக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டில் போய் நில்லுங்கள். கையில் தண்ணீர்க் கோப்பை இருந்தால் பாருங்கள், பாஸ் இறங்கும் ஒவ்வொரு முறையும் நீரின் மேல் மெல்லிய வளையம் ஓடும். அதே அதிர்வு நெஞ்செலும்பிலும், முழங்காலிலும் இருக்கும். ஆடத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். ‘மூன்று’ விழும்போது முழங்காலை லேசாக மடக்குங்கள், அது போதும். தோள் தானாக வரும்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபலில் அது கால் மணி நேரம். ஜெர்மனியின் நிகழ்ச்சி ஒலி விதிமுறை அரை மணி நேரச் சராசரியாக 99 டெசிபல் வரை இடம் கொடுக்கிறது. கணக்கு உங்களுக்கே புரியும். மஞ்சள் நுரை அடைப்பான் என்றால் விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் பிடியுங்கள். இசைக்கென்று வரும் சிலிக்கான் அடைப்பான் இன்னும் நல்லது, குரல் மங்காது. பாஸ் உடம்பு வழியாகவும் வருவதால் அடைப்பானோடும் அதை உணரலாம். குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் பெரிய காதுமூடி. பெரியவர்கள் மறந்தாலும் மறக்கலாம், குழந்தைக்கு ஒரு நிமிடம்கூட அது இல்லாமல் மேடைப் பக்கம் போகாதீர்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

கடைத்தெரு நீளமாக இருக்கும். ஜமைக்காச் சாப்பாட்டில் ‘ரைஸ் அண்ட் பீஸ்’ கிடைத்தால் வாங்குங்கள். பெயரில் பட்டாணி இருந்தாலும் போடுவது சிவப்புக் காராமணி போன்ற ராஜ்மா. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, நம் வீட்டுத் தேங்காய்ப்பால் சாதத்துக்குப் பங்காளி. விலைப்பட்டியலில் ‘ஃபெஸ்டிவல்’ என்று ஒன்று எழுதியிருந்தால் அது விழாவைச் சொல்வதல்ல. சோளமாவு சேர்த்துப் பொரித்த, லேசாக இனிக்கும் நீள உருண்டை. காரமான ஜெர்க் கோழியோடு சேர்த்துக் கடிக்க அருமையாக இருக்கும். ஆட்டுக்கறிக் குழம்பு ஜமைக்காவுக்குப் போன கதை நம்மவர் கதை. 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் வட இந்தியர், சென்னையில் கப்பலேறியவர்களும் உண்டு. ஒரு தட்டுக் குழம்பை வாங்கி உட்காரும்போது அவர்களை நினைக்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

சைவர்களுக்குக் கவலையில்லை. ஜமைக்காவில் பிறந்த ராஸ்டஃபாரி மதத்தைப் பின்பற்றும் ராஸ்டஃபாரியர்களின் ‘ஐடல்’ உணவு இயற்கையானது, பெரும்பாலும் சைவம், உப்புகூடக் குறைவு. இறைச்சி வேண்டாம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை, ‘ஐடல்’ என்று கேட்டால் போதும்.

கோப்பைக்கும் பாட்டிலுக்கும் முன்பணம் வாங்குவார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும், வேண்டாதவர்கள் பாட்டில் பொறுக்குகிறவர்களிடம் மரியாதையாகக் கையில் கொடுங்கள். தண்ணீர் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோப்பை. பீர் ஒன்று குடித்தால் அடுத்தது தண்ணீர். காலையில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் உப்புப் போட்ட கடலை. இதோடு நாள் தாங்கும்.

ஏரியில் இறங்க ஆசையாக இருக்கும். அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஜல்லி தோண்டிய பள்ளம் என்பதால் கரையிலிருந்து நாலடி வைத்ததும் திடீரென்று ஆழம். குடித்துவிட்டு இறங்கவே வேண்டாம்.

கஞ்சா பற்றி நேராகவே

கேட்காமலே பலர் மனதில் இருக்கும் கேள்வி என்பதால் சொல்கிறேன். அந்தச் சொல்லே நம் பக்கத்திலிருந்து கூலித் தொழிலாளர்களோடு ஜமைக்கா போனதுதான். ராஸ்டஃபாரியர்களுக்கு அது வழிபாட்டுப் பொருள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது நிரம்பியவர்கள் 25 கிராம் வரை கையில் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் விற்பது குற்றம், 18 வயதுக்குட்பட்டவர்கள் அருகில் புகைப்பதும் தடை. எல்லை தாண்டி எடுத்துப்போவது பெரிய குற்றம், விசாவில் இருப்பவர்களுக்கு வாழ்க்கையையே பாதிக்கும். காரோட்டுவதற்கு, கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி என்ற பொருளுக்கு ரத்தச் சீரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராம் வரம்பு இருக்கிறது, போலீஸ் நிறுத்திச் சோதிப்பார்கள். நான் தொடுவதில்லை, ஒரு முறைகூட யாரும் வற்புறுத்தியதும் இல்லை. ‘வேண்டாம், நன்றி’ என்றால் முடிந்தது.

அதேபோல் சிவப்பு, பொன், பச்சை நிறங்களையும் சிங்கக் கொடியையும் வெறும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1930-ல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலி செலாசியைக் கடவுளின் வடிவமாக நம்பும் ராஸ்டஃபாரியர்களின் அடையாளங்கள் அவை. சடைமுடி ஒட்டவைத்த வேடிக்கைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வருவது அவர்களைப் புண்படுத்தும். நம் கோயிலுக்கு ஒருவர் விளையாட்டுக்காகப் பட்டை போட்டுக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள்.

இரவு

பெரிய மேடைகள் ஓய்ந்த பிறகு டான்ஸ்ஹால் பகுதி விழித்துக்கொள்ளும். அங்கே இசைக்குழு கிடையாது, சவுண்ட் சிஸ்டம்தான். பாட்டுப் போடுகிறவர் செலக்டர். ஒரு பாட்டு தொடங்கிய பத்தாவது நொடியில் கூட்டம் கை உயர்த்திக் கத்தினால் அவர் பாட்டைச் சட்டென நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, முதலிலிருந்து போடுவார். ‘புல் அப்’ என்பது அதுதான். முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். கூட்டம் அந்தப் பாட்டுக்குக் கொடுக்கும் பெரிய மரியாதை அது.

ஆனால் மூன்று இரவும் விழித்திருக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வேன், வெள்ளி ஒரு மணிக்குள் படுத்துவிடுவேன். மதியம் வெயில் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் மர நிழலில் தூங்குவேன். தனியாக வரும் பெண்கள், இரவில் கூடாரத்துக்குத் திரும்பும்போது துணைக்கு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், அண்டைக் கூடாரத்தாரிடம் சொல்லி வையுங்கள். மஞ்சள், ஆரஞ்சுச் சட்டை போட்ட பாதுகாவலர்களும் செஞ்சிலுவைக் கூடாரமும் எங்கே என்று வந்த அன்றே பகலில் பார்த்து வையுங்கள். இடி இடித்தால் மேடைக்காரர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் மரத்தடியையும் கூடாரக் கம்பத்தையும் விட்டு விலகிவிடுங்கள்.

ஞாயிறு இரவும் திங்கள் காலையும்

ஞாயிறு இரவே கிளம்ப நினைப்பவர்கள் கடைசிப் பாட்டுக்கு முன்பே கூடாரத்தைக் கட்டி வைத்துவிட வேண்டும். முடிந்தால் திங்கள் விடுப்பு எடுத்துத் தங்குங்கள். காலை ஆறு மணிக்கு ஏரி அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும். வாத்துகள் காலியான கூடாரங்களுக்கு நடுவே ரொட்டித் துண்டு தேடி நடக்கும். யாரோ ஒருவர் தூரத்தில் தனியாக ஒரு சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அன்று எழுந்து ஒரு நடை போய்வாருங்கள்.

குப்பையைப் பிரித்துப் பையில் கட்டிக் கொடுங்கள், முளை ஒன்றுகூட மண்ணில் விடாதீர்கள், புல் வெட்டும் இயந்திரத்தையும் வெறுங்காலையும் கிழித்துவிடும். கூடாரத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம்.

பனி காயும் முன் மடித்த கூடாரம் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தவுடன், குளிப்பதற்கும் முன்பு, அதை எடுத்துப் பால்கனிக் கொடியில் விரித்துவிடுங்கள். தையல் ஓரங்களைத் தடவிப் பாருங்கள், ஈரம் கடைசியாகப் போவது அங்கேதான். இரண்டு நாள் காய்ந்த பிறகு தளர்வாகச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்காது, அடுத்த ஜூலைக்கு அதே கூடாரம் வரும்.